ஹெலிகாப்டர் ஆடினால் ட்ரிம்மை அமுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விடுமுறையில் ஆசையாய் வாங்கிக் கொடுத்த ரிமோட் ஹெலிகாப்டர், நம் குமரி மாவட்டத்தில் பல வீடுகளில் சீக்கிரமே பரணுக்குப் போய்விடுகிறது. "ஒரு இடத்தில் நிற்கவே மாட்டேங்குது" என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. உடனே ரிமோட்டில் ட்ரிம் பொத்தானை அமுக்க ஆரம்பிக்கிறார்கள். ஒரே திசையில் மெல்ல நகர்வதைத்தான் ட்ரிம் திருத்தும். நடுக்கத்துக்கும் வட்டமடிப்பதற்கும் மருந்து அதில் இல்லை.

முதல் எதிரி காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அம்மியே பறக்கும் ஆடி மாதத்தில் 50 கிராம்கூட இல்லாத பொம்மையை மொட்டைமாடியில் விட்டால், பக்கத்துத் தென்னந்தோப்பில்தான் தேட வேண்டும். சின்ன மாடலை வீட்டுக்குள், ஃபேனை நிறுத்திவிட்டு விடுங்கள். சற்றுப் பெரியது என்றால் விடியற்காலை. சங்குத்துறை, முட்டம் என்று கடற்கரைக்குக் கொண்டுபோக வேண்டாம். பல்சக்கரத்தில் மணல் ஏறும், மோட்டாரை உப்பு அரிக்கும்.

பயத்தில் அரையடி உயரத்திலேயே வைத்துப் பழகுகிறார்கள். பிளேடு கீழே தள்ளும் காற்று தரையில் மோதித் திரும்பி வந்து, ஹெலிகாப்டரையே அலைக்கழிக்கும். இரண்டு மூன்று அடிக்குத் துணிந்து ஏற்றினால் இந்தத் தள்ளாட்டம் தானே அடங்கும்.

பேட்டரியை இணைத்த முதல் சில விநாடிகளில், தான் இருக்கும் நிலையைத்தான் அசையாத நிலை என்று கைரோ (ஹெலிகாப்டர் திரும்புவதை உணர்ந்து திருத்தும் சென்சார்) பதிந்துகொள்கிறது. அப்போது கையில் வைத்திருந்தால் அன்றைய பறப்பு முழுக்க ஒரு பக்கம் இழுக்கும். ரிமோட்டை முதலில் ஆன் செய்து, த்ராட்டிலை (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குச்சியை) அடிவரை இறக்கி, சமமான தரையில் வைத்து, விளக்கு சிமிட்டி நிற்கும்வரை தொடாமல் இருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் உடம்பு நடுங்கினால் கோளாறு பெரும்பாலும் பிளேடில்தான். கண் மட்டத்தில் நிறுத்தி, நாலைந்து அடி தள்ளி நின்று, சுழலும் வட்டத்தின் விளிம்பைப் பாருங்கள். ஒரே கோடாகத் தெரிய வேண்டும். இரண்டு கோடாகப் பிரிந்தால் ஒரு பிளேடு மேலே ஓடுகிறது. எது என்று அறிய நுனிகளில் ஆளுக்கொரு நிறத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டலாம். இரண்டு துண்டும் ஒரே அளவாக இருக்கட்டும். ஒன்றில் மட்டும் ஒட்டினால் எடை மாறி, இல்லாத நடுக்கமும் வந்துவிடும். பிளேடின் சாய்வை மாற்றும் சிறு இணைப்புக் கம்பி, அதாவது திருகக்கூடிய லிங்க் இருந்தால் அரைச் சுற்று திருகிச் சரிசெய்யலாம். இல்லையென்றால் பிளேடு முறுக்கியிருக்கிறது என்று பொருள்; ஜோடியாகவே மாற்றுங்கள்.

பிளேடுத் திருகை இறுக்கிவிடுவது அடுத்த தவறு. சுழலும் வேகத்தில் பிளேடு தானாக நேராக வேண்டும். ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் சாய்த்து லேசாகக் குலுக்கினால் பிளேடு கீழே தொங்க வேண்டும். அந்த அளவே போதும். ஒருமுறை விழுந்திருந்தால் நடு ஷாஃப்டையும் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்து மறைந்தால் வளைந்துவிட்டது. நிமிர்த்த முயல வேண்டாம், மாற்றத்தான் வேண்டும்.

நின்ற இடத்திலேயே வட்டம் போட்டு, வட்டம் பெரிதாகிக்கொண்டே போனால் ஃப்ளைபாரை (பிளேடுகளோடு சேர்ந்து சுற்றும், நுனியில் எடை வைத்த சமநிலைக் கம்பியை) கவனியுங்கள். அதன் லிங்க்குகள் இறுகியோ, தேய்ந்து கழன்றோ இருக்கும். கூடவே எடைச் சமநிலையும் பாருங்கள்: ஃப்ளைபாரை வாலுக்குக் குறுக்காகத் திருப்பி, அதன் இரு பக்கமும் விரலால் தூக்கினால் வால்தண்டு தரைக்கு இணையாக நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே தள்ளுங்கள்.

வால் நாய் வாலாட்டுவதுபோல் வேகமாக ஆடினால் கைரோ கெயின் (கைரோ எவ்வளவு பலமாகத் திருத்துகிறது என்ற அளவு) அதிகம். மெல்ல ஒரு பக்கம் திரும்பிக்கொண்டே போனால் குறைவு. கெயின் சரியாக இருந்தும் திரும்பினால், வால் மோட்டாரின் பிரஷ் தேய்ந்திருக்கலாம். ஆனால், மேலிருந்து பார்க்கும்போது கடிகாரத் திசையில் சுற்றும் ஒற்றை ரோட்டர் (மேலே ஒரே ஒரு பிளேடு ஜோடி உள்ள) மாடல் சற்று வலப்பக்கம் சாய்ந்து நிற்பது கோளாறே அல்ல. வால் ரோட்டர் மொத்த உடம்பையும் இடப்பக்கம் தள்ளுவதால் வரும் சாய்வு அது. இதை "சரிசெய்ய" முயன்றே பலர் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஒற்றை செல் பேட்டரி முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். 3.3-க்குக் கீழே இறக்கிப் பறக்கவிட்டால் வால்தான் முதலில் தடுமாறும். உப்பிய பேட்டரியைச் சார்ஜரில் போடவே கூடாது.

நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹெலிகாப்டரை விற்கிற நீங்கள் பிளேடு ஜோடி, நடு ஷாஃப்ட், வால் மோட்டார் மூன்றையும் கைவசம் வைத்திருங்கள். உதிரிபாகம் கிடைக்காத மாடலைத் தயவுசெய்து விற்காதீர்கள்.

இப்படிக்கு,
வாசகர், தக்கலை