ஆதரவா, எதிர்ப்பா? தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும் விவாத நெறியாளர்களுக்கும்,

வணக்கம். சில வருடங்களுக்கு முன் ஒரு மதியம், உங்கள் தொலைக்காட்சிகளில் ஒன்றிலிருந்து (எது என்று சொல்லப் போவதில்லை) ஒரு தம்பி என்னை அழைத்தார். இரவு எட்டு மணி விவாதம், தலைப்பு நியூட்ரினோ; அதாவது அந்த நுண்துகளை ஆராயத் தேனி மாவட்டத்தில் மலையைக் குடைந்து அமைக்கத் திட்டமிட்ட ஆய்வகம். "சார், நீங்க ஆதரவா, எதிர்ப்பா? எந்தப் பக்கம் போடுறதுன்னு பார்க்கணும்" என்றார். நான் சமூகவியல் ஆய்வாளன், அறிவியல் ஒரு ஊருக்குள் வரும்போது அரசியலும் ஊடகமும் அதை என்ன செய்கின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை, எந்தப் பக்கமும் இல்லை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "சரி சார், சமூக ஆர்வலர்னு போட்டுக்கிறோம்" என்றார். அரை மணி நேரத்தில் மறுபடி அழைத்து, வேறொருவர் கிடைத்துவிட்டார், தப்பா எடுத்துக்காதீங்க என்றார்.

அந்தத் தம்பி மேல் எனக்கு வருத்தம் இல்லை. திரையில் நாலு கட்டம், இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். என்னை அவர் எங்கே உட்கார வைப்பார்? கட்டம் போட்டது நீங்கள் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்றிரவு நிகழ்ச்சியைப் பதிவு செய்து, பிறகு உட்கார்ந்து வரிவரியாக எழுதி எடுத்தேன். கீழே 'வரமா? சாபமா?' என்று எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. இயற்பியல் பேராசிரியர் ஒருவர், சூரியனிலிருந்து நியூட்ரினோக்கள் நொடிக்குக் கோடானுகோடியாக நம் உடம்புக்குள் புகுந்து வெளியே போய்க்கொண்டிருக்கின்றன, அவை எதன் மீதாவது மோதுவதே அபூர்வம், அதனால்தான் அவற்றைக் கண்டுபிடிக்க 50,000 டன் இரும்பு தேவைப்படுகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார். நல்ல விளக்கம். இரும்புக்கு வந்ததும் நெறியாளர் மறித்தார். "சார், ஒரே வார்த்தையில சொல்லுங்க. ஆபத்தா, இல்லையா?" "இல்லை." எதிரே இருந்தவர் உடனே, "எழுதிக் கொடுப்பாரா?" என்றார். விளம்பர இடைவேளை. திரும்பி வந்தபோது பேச்சு அந்நிய நாட்டுச் சதிக்குப் போய்விட்டது.

அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. துகள் இவ்வளவு சாதுவானது என்றால் மலை எதற்கு? பதில் எளிது. விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் பூமியின் மேல் விழுகின்றன. அந்த இரைச்சலில் நியூட்ரினோவின் தடம் தெரியாது. சுற்றிலும் ஒரு கிலோமீட்டர் கனத்துக்குப் பாறை இருந்தால் பெரும்பாலான கதிர்கள் வழியிலேயே நின்றுவிடும். அதற்காகத்தான் தேனி மாவட்டம் பொட்டிப்புரம் பக்கம், அம்பரப்பர் மலையை ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் குடைந்து, உள்ளே ஒரு பெரிய அறையை வெட்டத் திட்டமிட்டார்கள். அப்படியென்றால் இங்கே விசாரிக்க வேண்டியது துகளை மட்டும் அல்ல, குடைகிற வேலையையும்தானே? துகளைப் பற்றி இயற்பியல்காரர் சொல்லலாம். வெடி, தூசி, தண்ணீர், காட்டு விலங்கு பற்றிச் சொல்ல வேறு ஆட்கள் வேண்டும். எந்த ஊரில், யாரைக் கேட்டுக்கொண்டு குடைவது என்பதை இவர்கள் யாருமே தனியாகத் தீர்மானிக்க முடியாது. உங்கள் விவாதத்தில் மூன்றும் ஒரே பானையில் கொதித்தன.

இப்போது நீதிமன்றப் பக்கம் என்ன நடந்தது என்று பாருங்கள். இந்த ஆய்வகத்துக்கு முதலில் பார்த்த இடம் நீலகிரியின் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குப் பக்கம் என்பதால் 2009இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்துவிட்டது. அப்புறம்தான் தேனி. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. வைகோ உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார், பூவுலகின் நண்பர்கள் என்ற சூழலியல் அமைப்பினர், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2017 மார்ச்சில் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. காரணம் கதிர்வீச்சு அல்ல. கேரள எல்லையில் உள்ள மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்பதும், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைத் தயாரித்த நிறுவனத்துக்கு அதற்கான அங்கீகாரம் இல்லை என்பதும். 2018 மார்ச்சில் மத்திய அரசு சிறப்பு நேர்வாகக் கருதி மறுபடி அனுமதி கொடுத்தது. எந்த வகையில் தெரியுமா? கட்டடக் கட்டுமானம் என்ற வகையில். மலைக்குள் குடைகிற சுரங்கத்துக்கு! அதே வருடம் நவம்பரில் தீர்ப்பாயம் அந்த அனுமதியை ஏற்றாலும், தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்றது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் இந்தத் திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று பிரமாணப் பத்திரம் போட்டபோது முன்வைத்ததும் புலிகளின் வழித்தடத்தைத்தான்.

சிங்காராவிலும் புலி, தேனியிலும் புலி. உங்கள் திரையில் அத்தனை வருடமும் கதிர்வீச்சு. நான் எழுதி எடுத்த அந்த நிகழ்ச்சியில் 'புலி' என்ற சொல் ஒரே ஒரு முறை வருகிறது, அதுவும் ஒரு கட்சிப் பேச்சாளரைப் பாராட்டும்போது.

எதிர்த்தவர்கள் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. குடைந்த மலையில் அணுக்கழிவைக் கொட்டப் போகிறார்கள் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். திட்ட ஆவணங்களில் அப்படி ஒன்றும் கிடையாது. ஆனால் அதை ஏன் இத்தனை பேர் நம்பினார்கள் என்று கேட்பது என் தொழில். திட்டத்துக்குப் பணம் கொடுத்த துறைகளில் ஒன்று அணுசக்தித் துறை. கூடங்குளம் அணு உலையை எதிர்த்துப் போராடிய ஆயிரக்கணக்கான ஊர்க்காரர்கள் மேல் வழக்குகள் விழுந்ததைத் தமிழ்நாடே பார்த்திருந்தது. 2012 நவம்பரில், கூடங்குளக் கழிவைக் கோலார் தங்கவயலின் கைவிடப்பட்ட சுரங்கத்தில் வைக்கப் போவதாகச் செய்தி கிளம்பி, அங்கே போராட்டம் நடந்து, மத்திய அரசு மறுத்தது. அதே கோலார் சுரங்கத்தில்தான் 1965இல், பூமியின் வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களை உலகத்திலேயே முதன்முதலாகப் பதிவு செய்தவர்களில் நம் விஞ்ஞானிகளும் இருந்தார்கள். ஆய்வுக்கென்று அங்கே புதிதாக மலையைக் குடைய வேண்டியிருக்கவில்லை, தங்கத்துக்காகத் தோண்டிய குழி ஏற்கெனவே இருந்தது.

இதற்கு ஒரு வெளியூர்க் கதையும் உண்டு. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்த பிறகு, அந்தப் புகை மேகம் இங்கிலாந்தின் கம்பிரியா மலைப்பகுதியில் மழையாக இறங்கியது. ஜூனில் அரசு அங்கே ஆடுகளை விற்கத் தடை போட்டது. மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள் விஞ்ஞானிகள். சரியாகவில்லை. மழையோடு இறங்கிய சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் களிமண்ணில் சிக்கி அடங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு, மலை மேல் இருந்ததோ புளிப்பேறிய மட்கு மண். அதில் சீசியம் அடங்காமல் புல்லுக்கும் ஆட்டுக்கும் ஏறிக்கொண்டே இருந்தது. கடைசித் தடை நீங்க 2012 ஆனது. பிரையன் வின் என்ற சமூகவியலாளர் அந்த ஆட்டுக்காரர்களிடம் போய் உட்கார்ந்து பேசினார். அவர் எழுதியதில் எனக்கு மறக்காத இடம் ஒன்று. ஒரு வகைக் களிமண் தூளைப் புல்லில் தூவினால் சீசியம் குறைகிறதா என்று பார்க்க, விஞ்ஞானிகள் ஆடுகளை வேலி போட்ட பட்டிகளில் அடைத்தார்கள். திறந்த மலையில் மேய்ந்து பழகிய ஆட்டை அடைத்தால் அது இளைத்துப்போகும், அப்புறம் எதை அளந்தும் பயனில்லை என்று ஆட்டுக்காரர்கள் சொன்னார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. கொஞ்ச நாளில் சோதனை சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. பக்கத்தில்தான் செல்லாஃபீல்டு அணு வளாகம். அங்கே 1957இல் நடந்த தீ விபத்தில் வெளியானதைப் பற்றி அரசு முழு உண்மையைச் சொல்லாமல் இருந்ததை அந்த ஊர்க்காரர்கள் மறந்திருக்கவில்லை. 1986இல் விஞ்ஞானி வந்து "பயப்படாதீங்க" என்றபோது அவர்களுக்கு ஞாபகம் வந்தது அந்தப் பழைய மௌனம்தான்.

பொட்டிப்புரத்திலும் ஆடு மேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மலையடிவாரம்தான் அவர்களுக்கு மேய்ச்சல் நிலம். நான் போயிருந்தபோது ஒரு பாட்டி, தூக்குவாளியை வேலிக்கல்லில் மாட்டிவிட்டு, புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நியூட்ரினோ என்றால் என்னவென்று நான் விளக்க ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "அது என்னமோ போகட்டும் தம்பி. மலையை வெட்டுன கல்லை எங்க கொட்டுவாக?" அப்புறம் இன்னொன்று கேட்டார். "வேலி போட்டுட்டா சாயங்காலம் ஆட்டை எந்தப் பக்கமா ஓட்டியாறது?" இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. வந்துபோன ஊடகக்காரர்கள் அவரிடம் கேட்டது ஒன்றுதானாம்: "பாட்டி, பயமா இருக்கா?" பயமாக இருக்கிறது என்று சொல்லச் சொல்லி, இரண்டு முறை எடுத்தார்களாம்.

விஞ்ஞானிகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஊரில் கூட்டம் போட்டு, படம் காட்டி, துகள் பாடம் நடத்தினார்கள். பாடம் புரிந்தால் எதிர்ப்பு போய்விடும் என்று நினைத்தார்கள். அரசியல்வாதிகளைப் பற்றி என்ன சொல்ல, அவர்கள் காற்று அடிக்கிற பக்கம் தூற்றுகிறவர்கள்.

இதற்கிடையில் மலைக்குள் ஆய்வகம் வரவேயில்லை, மதுரையில் 85 டன் மாதிரிக் கருவி ஒன்று மட்டும் ஓடுகிறது. நியூட்ரினோ நிறைகளின் வரிசையை, அதாவது அதன் வகைகளில் எது கனம், எது லேசு என்பதைக் கண்டறிகிற பந்தயத்தில் சீனாவின் ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் தரவு எடுக்கவே தொடங்கிவிட்டது. அந்த இயற்பியல் பேராசிரியருக்கு இது பெரிய இழப்பு, எனக்கும் வருத்தம்தான். ஆனால் "மக்களின் அறியாமையால் போனது" என்று உங்களில் ஒருவர் தலைப்பு வைத்தபோது எனக்கு எரிச்சல் வந்தது. வேலையை நிறுத்தி வைத்த உத்தரவுகள் சொன்ன காரணம் அறியாமை அல்ல. தீர்ப்புகளை யாராவது படித்தார்களா?

அதனால் கேட்கிறேன். பரந்தூர் விமான நிலையமோ, டெல்டாவில் எரிவாயுக் கிணறோ, அடுத்து எது வந்தாலும், விவாதத்துக்கு ஆள் தேடுவதற்கு முன் ஒரு நிருபரை இரண்டு நாள் விடுங்கள். அனுமதிக்கு அனுப்பிய விண்ணப்பத்தையும் தாக்க அறிக்கையையும் அவர் படிக்கட்டும். அவற்றில் பெரும்பாலானவை சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்திலேயே இருக்கின்றன. விருந்தினர் பெயருக்குக் கீழே ஆதரவு, எதிர்ப்பு என்று போடாமல், மண், தண்ணீர், சட்டம், காடு என்று அவர் எதில் படித்தவரோ அதைப் போடுங்கள். இயற்பியல்காரரிடம் புலியைப் பற்றிக் கேட்காதீர்கள், கட்சிப் பேச்சாளரிடம் துகளைப் பற்றிக் கேட்காதீர்கள். தீர்ப்பு வந்த நாளில் அதைப் படித்த ஒருவரை உட்கார வைத்துப் பத்து நிமிடம் பேச விடுங்கள், நடுவில் விளம்பரம் போட்டாலும் பரவாயில்லை.

அந்தத் தம்பி இன்னும் உங்களிடம் வேலை பார்க்கிறார் என்றால், அடுத்த முறை யாரையாவது அழைக்கும்போது, "சார், இதில் எந்தக் கேள்விக்கு நீங்க பதில் சொல்ல முடியும்?" என்று கேட்கச் சொல்லுங்கள். என் எண் அவரிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு சமூகவியல் ஆய்வாளன்,
மதுரை