துள்ளிய விமானமும் தள்ளிய கையும்

பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் அழுததை உன் அம்மாவிடம் சொல்லவில்லை. பயப்படாதே.

"இறக்கும்போது விமானம் துள்ளிச்சு மாமா, மூக்கைக் கீழே தள்ளினேன், இன்னும் பெரிசா துள்ளிச்சு" என்றாய். தனியாகப் பறந்த மூன்றாம் நாள் நானும் அதையேதான் செய்தேன். அதே செஸ்னா 172 பயிற்சி விமானம். இறங்கும்போது வேகம் 65 நாட் (மணிக்கு சுமார் 120 கி.மீ.) இருக்க வேண்டியது 75 இருந்தது. 10 நாட்தானே என்று விட்டுவிட்டேன். கணக்குப் போட்டுப் பார், இயக்க சக்தி வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: இருக்க வேண்டியதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அதைக் கரைக்காமல் சக்கரத்தைத் தரையில் வைத்தால் விமானம் உட்காருமா?

முதல் துள்ளலில் மூக்கு நிமிர்ந்து, கண்ணாடி முழுக்க வானம். கை தானாக யோக்கை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியை, முன்னால் தள்ளிவிட்டது. மூக்குக்கு அடியில் இருக்கும் நோஸ் வீல் முதலில் போய் இடித்தது. அது மூக்கை இன்னும் மேலே எறிய, நான் மறுபடி தள்ளினேன். விமானம் மேலே போகும்போது நாம் தள்ளுகிறோம், அது வேலை செய்வதற்குள் விமானமே கீழே வந்துகொண்டிருக்கிறது. நம் கை எப்போதும் ஒரு நொடி லேட். இப்படித்தான் நோஸ் வீலின் கால் மடங்கி, ப்ரொப்பல்லர் தரையைத் தொட்டு, இன்ஜினையே பிரித்துப் பார்க்க வேண்டி வருகிறது.

சின்னத் துள்ளல் என்றால், இறங்கும்போது மூக்கு இருந்த நிலையிலேயே பிடித்துக்கொள். த்ராட்டில், அதாவது இன்ஜின் பவர், கொஞ்சம் கொடு. தானாக அமரும். அவ்வளவுதான்.

உயரமாகத் துள்ளிவிட்டால் பேரமே வேண்டாம். உச்சியில் வேகம் செத்துக்கொண்டிருக்கும், இறக்கை தூக்கும் விசையை இழக்கப்போகிறது என்று ஸ்டால் ஹாரன் அலறும். முழு த்ராட்டில், மூக்கு பக்கவாட்டில் திரும்பாமல் இருக்க வலது ரடர் பெடல், இறக்கையின் பின்பக்க மடிப்பான ஃபிளாப்பை 30 டிகிரியிலிருந்து 20க்கு. இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. யோக்கைப் பிடித்துக்கொண்டே இருக்காமல் மூக்கு நிற்க இறங்கும்போது வைத்த ட்ரிம் அப்படியே இருப்பதால், த்ராட்டில் கொடுத்ததும் மூக்கு தானே எகிறும். இப்போது மட்டும் யோக்கை முன்னால் அழுத்தத்தான் வேண்டும், ஆனால் மூக்கை நிலையாக வைக்கும் அளவுக்குத்தான். ரன்வேயை ஒட்டியே பறந்து 60 நாட் வந்த பிறகு ஏறு. ஃபிளாப்பை மொத்தமாக மடக்கிவிடாதே, தொப்பென்று விழும்.

இப்படி இறங்காமல் மறுபடி ஏறிச் சுற்றி வருவதுதான் கோ அரவுண்ட். அப்படிப் போனால் மற்றவர்கள் சிரிப்பார்களாம். சிரிக்கட்டுமே!

அப்புறம் ஒன்று, மெக்கானிக்கிடம் சொன்னாயா? நீ அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மூக்கால் இடித்த விமானத்தில் இன்ஜினுக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் ஃபயர்வால் தகடு நெளிந்திருக்கலாம், வெளியே பார்த்தால் தெரியாது. உனக்குப் பிறகு அதில் ஏறப்போவது இன்னொரு மாணவன். திட்டு விழும், வாங்கிக்கொள். நான் அன்றைக்குச் சொல்லவில்லை. இன்றும் உறுத்துகிறது.

நாளைக் காலை காற்று எழும்புவதற்கு முன்பே போ. ரன்வேயைத் தொடாமல் நாலைந்து அடி உயரத்தில் கடைசி வரை பறந்து காட்டச் சொல்லி இன்ஸ்ட்ரக்டரிடம் கேள். கண்ணை ரன்வேயின் கோடியில் வை, மூக்குக்கு அடியில் அல்ல.

இறங்கியதும் போன் பண்ணு. அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.

மாமா