தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வலசைப் பறவைகள் வரும் பருவம் தொடங்கிவிட்டதால், தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரை நீளும் பினாங்கின் செபராங் பிறைக் கடலோரச் சேற்றுவெளிகளுக்கு நம் இளைஞர்கள் பலர் பறவை பார்க்க வருகின்றனர். அதைக் காண மனம் நிறைகிறது. ஆனால், அவர்களில் பலர் தங்கள் முதல் இரட்டைக்குழல் தொலைநோக்கியைப் படத்தையும் விலையையும் மட்டும் பார்த்து இணையத்தில் வாங்கிவிடுகின்றனர் என்பது எனக்குப் பெருங்கவலையாக இருக்கிறது.

அண்மையில் ஓர் இளைஞர் அப்படி வாங்கிய கருவியை என்னிடம் காட்டினார். 100 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்று அதன்மேல் அச்சிட்டிருந்தார்கள். வில்லைகள் செக்கச்செவேலென்று மின்னின. கண்ணில் வைத்தால், சேற்றைக் கிளறிக்கொண்டிருந்த உள்ளான் பறவைகள் பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் தெரிந்தன. இரு குழல்களின் காட்சியும் ஒன்றோடொன்று பொருந்தாததால் ஒரு பறவை இரண்டாகத் தெரிந்தது. அதை ஒன்றாக்கக் கண் படும் பாட்டில் சிறிது நேரத்திலேயே தலை வலிக்கத் தொடங்கிவிடும். கையில் பிடித்துப் பார்க்கும் கருவியில் 10 மடங்கைத் தாண்டினாலே கைநடுக்கம் காட்சியைக் குலைத்துவிடும். உண்மையிலேயே 100 மடங்காக இருந்தால் அதில் எதையும் பார்க்கவே முடியாது. ஆகவே, 100 மடங்கு என்பது அப்பட்டமான பொய். பொய்யான விவரம் சொல்லி விற்பதை மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. இணைய வணிகமும் அதற்குள் அடங்கும். இருந்தும் இத்தகைய விளம்பரங்கள் தடையின்றி வந்துகொண்டே இருக்கின்றன.

நேர்மையான விற்பனையாளர்கள் இணையத்திலும் இருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. 8×42 என்றால் 8 மடங்கு உருப்பெருக்கம், 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள முன்வில்லை என்பதும், 42ஐ 8ஆல் வகுத்தால் கிடைக்கும் 5.25 மில்லிமீட்டரே கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் என்பதும், 10×42இல் அது 4.2ஆகக் குறைவதால் பிரேசர் மலைக் காட்டு நிழலில் காட்சி சற்று மங்கும் என்பதும் வீட்டில் இருந்தபடியே படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை. ஆனால், அந்தக் கருவி நம் முகத்துக்குப் பொருந்துமா என்பதை எந்த இணையப் பக்கமும் சொல்லாது. மூக்குக்கண்ணாடி அணிபவர், கண் வைக்கும் முனையில் உள்ள ரப்பர் வளையங்களான கண்குவளைகளை இறக்கிவிட்டுப் பார்க்கும்போது ஓரங்களில் கருநிழல் விழாமல் முழு வட்டமும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இரு கண்களுக்கும் இடைப்பட்ட தூரம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. சிறுவர்களுக்குப் பல கருவிகள் அந்த அளவுக்குக் குறுகுவதே இல்லை. கடையில் என்றால், எதிர்வரிசைப் பெயர்ப்பலகையின் எழுத்துகளை நோக்கி, முதலில் இடக்கண்ணுக்கு நடுச்சக்கரத்தையும் பிறகு வலக்கண்ணுக்கு அதன் வளையத்தையும் திருகிப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

விலைக் கணக்கையும் சற்று நிதானமாகப் போட வேண்டும். வெளிநாட்டிலிருந்து இணையம் வழி தருவிக்கப்படும் 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேற்படாத பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பழுதானால் திருப்பி அனுப்பும் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். உள்ளூர் முகவரின் உத்தரவாதம் இல்லாத பொருளை இங்கே பழுதுபார்க்க மறுத்துவிடவும் கூடும். நம் ஊர் ஈரக்காற்றில் வில்லைக்குள் பூஞ்சை பிடிப்பது சாதாரணம் என்பதால், உள்ளே நைட்ரஜன் நிரப்பி மூடப்பட்ட கருவிதானா என்று கேட்டு வாங்குவது நல்லது.

முக்காலியில் பொருத்தும் ஒற்றைக்குழல் தொலைநோக்கியின் கதை வேறு. பினாங்குக் கடைகளில் அதைப் பார்ப்பதே அரிது. 20 முதல் 60 மடங்கு வரை செல்லும் கருவியாக இருந்தாலும், நண்பகல் வெயிலில் சேற்றுவெளியின் மேல் கானல் அலையும்போது 60 மடங்கு பயன்படாது. இதைக் கடைக்குள் நின்றும் அறிய முடியாது. ஆகவே, மலேசிய இயற்கைக் கழகத்தின் பினாங்குக் கிளையினரோடு களத்துக்குச் சென்றோ, மார்ச் மாதத்தில் போர்ட்டிக்சன் அருகே தஞ்சோங் துவானில் வலசை செல்லும் வேட்டைப் பறவைகளைக் காணக் கூடுவோரிடம் கேட்டோ, அவர்கள் கருவி வழியே ஒருமுறை பார்த்த பிறகு இணையத்தில் வாங்கினாலும் தவறில்லை.

ஜோர்ஜ்டவுன் கேமராக் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொலைநோக்கிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு, விலையை மட்டும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு வகையிலும் ஒன்றையாவது மாதிரிக்கென ஒதுக்கி, வாடிக்கையாளர் அதைக் கடைமுன் நடைவழியான அஞ்சடிக்கு எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் பார்க்க விடுங்கள். வாங்குவோரும், கடையில் அரைமணி நேரம் சோதித்துப் பார்த்துவிட்டு, சில பத்து வெள்ளி மிச்சமாகிறதே என்று வேறிடத்தில் வாங்காமல், அந்தக் கடையிலேயே வாங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பறவை ஆர்வலர்,
பட்டர்வொர்த், பினாங்கு