கோரையாற்றங்கரைக்கு ஒரு நன்றி மடல்

மாசியிலும் பங்குனியிலும் கோரையாற்றங்கரையில், எருவுக்காக ராத்திரி வயலில் ஆட்டை அடைத்துக் கிடை போட்டிருந்த கீதாரிமாருக்கும், அவர்கள் வீட்டு ஆத்தாமாருக்கும், வாத்து மேய்த்த அண்ணனுக்கும், உம்பளச்சேரி மாடு ஓட்டி வந்த பெரியவருக்கும், வைக்கோல் டிராக்டர் தம்பிக்கும் என் வணக்கம்.

உங்களில் பல பேர் இதை நேரில் படிக்கப் போவதில்லை. ராமநாதபுரத்தில் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் பிள்ளைகள் போனில் பார்த்து வாசித்துக் காட்டுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். பெயர்களைப் போடவில்லை. படித்தால் யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரிந்துவிடும்.

எனக்குத் தூர ஓட்டத்தில் ஆசை. தார் ரோட்டில் இல்லை, மண் பாதையில். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அங்கிருந்து கோரையாற்றுக் கரையைப் பிடித்து முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை ஒரே நாளில் ஓடிவிட வேண்டும் என்று இரண்டு வருஷமாக மனதில் இருந்தது. மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடுவார்கள். சம்பா அறுப்பு முடிந்து மாசியில் ஆறு வற்றிக் கிடக்கும், கரையும் காய்ந்து ஓட ஏற்றதாக இருக்கும் என்பது என் கணக்கு. அதே மாசியில்தான் தரிசு வயலுக்குத் தெற்கேயிருந்து கிடை வருகிறது என்பது எனக்குத் தெரியாததில்லை. என் தாத்தா வருஷா வருஷம் கிடை போட்டவர். 'ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்' என்று சொல்லிக்கொண்டே கீதாரிக்கு அரிசி அளந்து கொடுப்பார், அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தவன் நான். அப்படியிருந்தும் ஓடும்போது அது நினைவுக்கு வரவில்லை.

மாசி இரண்டாம் வாரம், விடியற்காலை ஐந்தேகால் மணி இருக்கும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். கரையை ஒட்டிய வயலில் நானூறு செம்மறி வலைக்குள் படுத்திருந்தது எனக்குத் தெரியவில்லை. காவல் நாய்க்கு நான் தெரிந்தேன். அதன் கண்ணில் பட்டது, இருட்டில் ஆட்டை நோக்கி ஓடி வருகிற ஒரு வெளிச்சம். அது தன் வேலையைச் செய்தது. இடது கெண்டைக்காலில் பல் பதிந்து ரத்தம் கசிந்தது. தவறு முழுக்க என்னுடையது, அதை இங்கே எழுதி வைக்க வேண்டும்.

ஆத்தா, அதற்கப்புறம் நீங்கள் செய்ததை நான் எப்படி மறப்பேன்? கீதாரி ஐயா சுண்ணாம்பு டப்பாவை எடுத்து வந்தபோது, "அதெல்லாம் வைக்கக் கூடாது, ஆசுபத்திரியில திட்டுவாங்க, சும்மா இருங்க" என்று தடுத்தீர்கள். கவிழ்த்து வைத்த சட்டி மேல் என்னை உட்கார வைத்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் குடத்தோடு கொண்டுவந்து, தேய்ந்துபோன சிவப்பு சோப்பை என் கையில் கொடுத்து, "தேய்ங்க தம்பி" என்றீர்கள். நான் தேய்க்கத் தேய்க்க நீங்கள் ஊற்றினீர்கள். நான் போதும் என்று இரண்டு தடவை சொன்னேன். "நொரை வந்துக்கிட்டே இருக்கணும்" என்று குடம் காலியாகும் வரை விடவில்லை. கால் மணி நேரமாவது இருக்கும். பக்கத்தில் கவிழ்த்திருந்த கூடைக்குள் குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. அன்றைக்குக் கஞ்சி காய்ச்ச நீங்கள் எவ்வளவு தூரம் போய்த் தண்ணீர் எடுத்தீர்களோ தெரியாது.

பிறகு அரசு மருத்துவமனையில் காயத்தைப் பார்த்த செவிலியர் அம்மா கேட்ட முதல் கேள்வி, "யார் இவ்வளவு நல்லா கழுவிவிட்டது?" என்பதுதான். நாய்க்கடிக்கு முதல் மருந்தே சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் என்றார். அவருக்கும் நன்றி. காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தை ஊசியில் போட்டு, தடுப்பூசிக்கு அன்று, 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று நான்கு தேதிகளைச் சீட்டில் எழுதி, ஒன்றையும் விடக் கூடாது என்று விரலை ஆட்டிச் சொன்னார். அங்கே என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர். தம்பி, அரை நாள் வாடகை போனதைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடித்த நாயைப் பத்து நாள் பார்க்க வேண்டும், நன்றாக இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றும் மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். இதை ஐயாவிடம் போனில் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். நாயைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடக் கூடாதே என்று பயம். மறுநாள் சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "மணி நல்லா இருக்கான் தம்பி. கஞ்சி குடிச்சான்." அதற்கு அடுத்த நாளும் கூப்பிட்டார். கிடை வயல் மாறியது, ஊர் மாறியது, சார்ஜ் போட இடம் தேடி டீக்கடையிலிருந்து கூப்பிட்டார். பத்து நாளும் ஒரு நாள் தவறவில்லை. பத்தாம் நாள் ஆத்தா போனை வாங்கி, "இனிமே பயமில்லை, மறுபடி ஓடுங்க, ஆனா சொல்லிட்டு ஓடுங்க" என்றார்கள். என் சொந்தக்காரர்களில் யாரும் எனக்காகப் பத்து நாள் தொடர்ந்து போன் செய்ததில்லை.

சொல்லிவிட்டுத்தான் ஓடினேன். நான்காவது ஊசியும் முடிந்து, பங்குனிக் கடைசியில். அன்று நடந்ததுதான் இந்த மடலை எழுத வைத்தது. ஐயா முதல் நாளே அந்தக் கரையில் இருக்கும் தன் பங்காளிகளுக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். முதல் கிடைக்கு நூறு அடி இருக்கும்போதே இருட்டிலிருந்து குரல் வந்தது: "தம்பியா? வெளக்கைத் தணிச்சுக்கிட்டு நடந்து வாங்க, நாயைப் புடிச்சிருக்கேன்." நான் தாண்டியதும் அவர் அடுத்த கிடைக்குப் போன் போட்டார். இப்படி ஆறு கிடை. ஒவ்வொன்றிலும் நாயைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். இரண்டு இடத்தில் டீ இருந்தது. ராத்திரி முழுக்க ஆட்டுக்குக் காவல் இருந்துவிட்டு, விடியும் முன் எனக்காக எழுந்து நின்றிருக்கிறீர்கள்.

வெயில் ஏறியதும் வாத்துகள். கரை நிறைய. வாத்து அண்ணன் குச்சியைக் குறுக்கே நீட்டி, "ஓடாதீங்க. கலைஞ்சு ஆத்துல எறங்கிட்டா ஒண்ணு சேர்க்க மத்தியானம் ஆயிடும், மெரண்டா முட்டையும் கொறையும்" என்றார். நான் அவர் பக்கத்திலேயே வாத்து நடையில் முக்கால் கிலோமீட்டர் நடந்தேன். அந்த நடையில்தான் கால் பிடிப்பு விட்டது, அதற்கும் சேர்த்து நன்றி அண்ணே.

அப்புறம் உம்பளச்சேரி மாடுகள். பெரியவர் முன்னால் வந்து என் மார்பில் கை வைத்து நிறுத்தினார். "கண்ணு கீழ நிக்குது, தாய் மேல நிக்குது. நீ நடுவுல போகாதே." குனிந்து பார்த்தேன். நெற்றியில் வெள்ளைப் பொட்டு, நான்கு காலிலும் வெள்ளை, மேல் எல்லாம் செம்மண் நிறத்தில் ஒரு கன்று. இந்த இனத்தில் கன்று சிவப்பாகத்தான் பிறக்கும், சில மாதத்தில் சாம்பலாக மாறும் என்று பெரியவர் நின்ற நிலையில் சொல்லிக் கொடுத்தார். பசு எங்களைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி மூச்சு விட்டது. மாட்டுக்குப் பக்கவாட்டில் கண் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும், நேர் பின்னால்தான் தெரியாது, அதனால் பின்னாலிருந்து வரும்போது தூரத்திலேயே பேசிக்கொண்டு வரணும் என்றார். இருபது நிமிஷம் அசையாமல் நின்றோம். கன்று தானாகவே மேலே ஏறி மடிக்குப் போனது. பசு நகர்ந்தது, வழி கிடைத்தது. என்னுடைய அன்றைய நேரத்தில் எனக்குப் பிடித்த இருபது நிமிஷம் அதுதான்.

மற்ற ஓட்டக்காரர்களே, உங்களுக்கும் இதில் ஒரு வார்த்தை. கரையில் மந்தையைப் பார்த்தால் வேகத்தைப் பார்க்காதீர்கள். நடங்கள். விளக்கைத் தரையில் காட்டுங்கள், குரல் கொடுங்கள், மேய்ப்பவரிடம் எந்தப் பக்கம் போகலாம் என்று கேளுங்கள். நாம் பொழுதுபோக்குக்கு வருகிறோம், அவர்களுக்கு அங்கேதான் சோறு.

மாலை நாலு மணிக்கு அலையாத்திக் காட்டை ஒட்டிய ஜாம்புவானோடை வந்து சேர்ந்தேன். கடிகாரம் 61 கிலோமீட்டர் காட்டியது. உட்காரக்கூட இல்லை, முதலில் ஐயாவுக்குத்தான் போன் செய்தேன். "வந்துட்டீங்களா, சரி, சாப்பிடுங்க" என்று வைத்துவிட்டார். நான் நன்றி சொல்ல விடவே இல்லை. அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஐயா, ஒரு விஷயம். எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் பேசிவிட்டேன். தை அறுப்பு முடிந்து நீங்கள் வந்ததும் மணிக்கும், மற்ற கிடை நாய்களுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு அலைய வேண்டாம், நான் அவரை வயலுக்கே அழைத்து வருகிறேன். எந்த ஊரில் முதல் கிடை என்று மட்டும் போன் செய்யுங்கள். ஆத்தா, அன்று என்னோடு வந்துவிட்ட உங்கள் மஞ்சள் துண்டு துவைத்து பீரோவில் இருக்கிறது. அதையும் ஒரு பெட்டி சிவப்பு சோப்பையும் கொண்டு வருகிறேன்.