அரையாண்டு விடுமுறையும் மலையேற்றமும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்துள்ளன. விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் நம் மாணவர்கள் பரிசுகள் பெற்றுப் பள்ளிக்குப் பெருமை சேர்த்துள்ளனர். பொதுத்தேர்வு எழுதவிருக்கும் மாணவர்களுக்கான சிறப்பு வகுப்புகள் தடையின்றி நடந்து வருகின்றன. இருட்டுவதற்குள் பிள்ளைகள் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளுக்கு (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு)ப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே அவ்வகுப்புகளை மாலை நான்கரை மணிக்கு முடித்துவிடுகிறோம். இக்கடிதத்தை எழுதத் தூண்டிய கவலையும் அதே காரணத்தை ஒட்டியதுதான்.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேல்வகுப்பு மாணவர்கள் சிலர், நண்பன் வீட்டில் படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தேயிலைக்காட்டைக் கடந்து சோலையை ஒட்டிய மலைமுகட்டுக்கு ஏறியிருக்கிறார்கள். இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கைப்பேசி வெளிச்சத்தைத் தவிர அவர்களிடம் வேறு விளக்கு இல்லை. வழியில் சிறுத்தை ஒன்றைக் கண்டதும் ஆளுக்கொரு பக்கம் ஓடியிருக்கிறார்கள். ஒருவனுக்குக் காலில் அடிபட்டது. வனத்துறைப் பணியாளர்கள் தேடிச் சென்று அனைவரையும் பத்திரமாக அழைத்துவந்தனர். அந்த மாணவர்களின் பெயரைச் சொல்வதோ, அவர்களுடைய குடும்பத்தாரைக் குறை கூறுவதோ என் நோக்கமன்று. மலையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மலை ஏற வேண்டும் என்ற ஆசை வருவது இயல்பே. அந்த ஆசையை நான் மதிக்கிறேன்.

ஆனால் நம் வால்பாறையைச் சுற்றி நாலாபுறமும் இருப்பது ஆனைமலை புலிகள் காப்பகம். யானைகள் நடமாடும் இடத்தைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியும் சிவப்பு விளக்கும் பல ஆண்டுகளாக நமக்கு அறிவித்து வருகின்றன. சிறுத்தைக்கும் கரடிக்கும் அத்தகைய அறிவிப்பு கிடையாது. தேயிலைச் செடியின் உயரம் சிறுத்தை பதுங்கி வருவதற்குப் போதுமானது. எஸ்டேட் குடியிருப்புகளில், வீட்டு வாசலிலிருந்தே சிறு குழந்தைகளைச் சிறுத்தை தூக்கிச் சென்ற துயரங்களை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம்.

ஆகவே பின்வருவனவற்றை விடுமுறை தொடங்குமுன் வீட்டில் பிள்ளைகளுடன் பேசுமாறு கேட்டுக்கொள்கிறேன். சிறுத்தையைக் கண்டால் ஓடக் கூடாது. முதுகு காட்டி ஓடுகிறவரைத் துரத்துவது அதன் இயல்பு. குனியவோ உட்காரவோ கூடாது. சிறியவர்களை நடுவில் விட்டு ஒன்றாகச் சேர்ந்து நின்று, கைகளை உயர்த்தி, உரக்கக் குரல் கொடுத்தபடி, அதைப் பார்த்துக்கொண்டே மெல்லப் பின்னால் நகர வேண்டும். அப்படியும் பாய்ந்துவிட்டால், கையில் கிடைத்த கம்பையோ கல்லையோ கொண்டு எதிர்த்துப் போராட வேண்டும். கரடியின் விஷயம் வேறு. கறையான் புற்றைத் தோண்டிக்கொண்டிருக்கும் கரடிக்கு நாம் அருகில் வருவது தெரியாது. திடீரென்று கண்டு மிரளும்போதுதான் அது பெரும்பாலும் தாக்குகிறது. அதனால் புற்றுகளும் பழுத்த பலாமரங்களும் உள்ள வழியில் பேசிக்கொண்டே நடப்பது நல்லது. காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு தனியே நடப்பது மிகவும் ஆபத்தானது. கரடி மேலே விழுந்து தாக்கினால் குப்புறப் படுத்து, இரு கைகளையும் பிடரியில் கோத்து, கழுத்தையும் முகத்தையும் காத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்புடன் சொல்ல வேண்டியிருக்கிறது. வனத்துறையின் அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் நுழைவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்த பிறகு மலையேற்றத்துக்கென்று அரசு விதிகளை வகுத்தது. இன்று ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் வழிகாட்டியுடன் ஏறுவதற்கு முறையான வழித்தடங்கள் இருக்கின்றன. பிள்ளை எங்கே போகிறான், யாருடன் போகிறான், எப்போது திரும்புவான் என்பதை அறியாமல் இருப்பதைப் பெற்றோர் எவரும் இனி ஒரு காரணமாகச் சொல்ல வேண்டாம். பெரியவர் துணையின்றி, மாலை ஐந்து மணிக்குமேல் எந்த மாணவரும் தேயிலைக்காட்டுப் பாதையில் இருக்கக் கூடாது. கோழிக்கடைக் கழிவையும் வீட்டு இறைச்சிக் கழிவையும் பாதையோரம் கொட்டுவதும் நிற்க வேண்டும். அது நாய்களை இழுக்கிறது, நாய்களைத் தேடிச் சிறுத்தை வருகிறது, அதே பாதையில்தான் காலையில் நம் பிள்ளைகள் வருகிறார்கள்.

நம் பள்ளியில் படிக்கும் வடமாநிலத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் பெற்றோர் பலரால் இக்கடிதத்தைப் படிக்க இயலாது. அண்டை வீட்டார் தயவுசெய்து இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். இம்மலைக்குப் புதிதாக வந்தவர்களுக்குத்தான் இது மிகவும் தேவைப்படுகிறது.

கொழுந்தெடுத்துவிட்டுக் களைத்து வந்த பிறகும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டமாக வீட்டுக்கு அழைத்துச் செல்லும் தாய்மார்களை நான் அன்றாடம் பார்க்கிறேன். அவர்களுக்கும், அன்றிரவு தேடலில் கைகொடுத்த தோட்டத் தொழிலாளர்களுக்கும் வனத்துறையினருக்கும் பள்ளியின் சார்பில் என் மனமார்ந்த நன்றி. இக்கடிதத்தைப் படித்ததற்கு அடையாளமாகக் கீழே கையொப்பமிட்டு, பள்ளி திறக்கும் நாளில் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்