பட்டிமன்றத்துக்கு இலங்கையையும் கூப்பிடுங்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கின் பல்கலைக்கழக இந்திய மாணவர் மன்றப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பட்டிமன்றம் என்றாலே 'தமிழர் வாழச் சிறந்தது சிங்கப்பூரா, மலேசியாவா?' என்றுதான் தலைப்பு வைக்கிறீர்கள். ஒப்பீட்டு அரசியல் படிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது ஒப்பீடு இல்லை, மார்க் போடுவது. சிங்கப்பூர் ஒரே நகரம். அங்கே 1988 முதல் குழுத்தொகுதி முறை, அதாவது ஒரு தொகுதியின் பல இடங்களுக்கு அணியாகப் போட்டியிடுவது. ஒவ்வொரு அணியிலும் சிறுபான்மை வேட்பாளர் ஒருவராவது இருந்தாக வேண்டும். நம் மலேசியாவின் 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்றில்கூட இந்தியர் பெரும்பான்மை இல்லை. இத்தனையும் வேறுபட்டால், எது எதனால் நடந்தது என்று எப்படிப் பிரிப்பது?

இலங்கையை எடுங்கள். அதே பிரிட்டிஷ் ஆட்சி, அதே தோட்டத் தொழிலாளர். டோனால்ட் ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் இரு நாடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். சுதந்திரத்தின்போது இன இணக்கத்துக்கான சூழல் இலங்கைக்கே சாதகம் என்பது அவர் கணிப்பு. ஆனால் உள்நாட்டுப் போர் அங்கேதான் வந்தது. ஏன்? விடையின் ஒரு துண்டு நம் ஊரிலேயே கிடக்கிறது: 1952 கோலாலம்பூர் நகராட்சித் தேர்தல். மலாய்க்காரர் கட்சியான அம்னோவும் சீனர் கட்சியான மசீசவும் சேர்ந்து நின்று 12 இடங்களில் 9ஐப் பிடித்தன. கொள்கையெல்லாம் இல்லை, சுத்தமான ஓட்டுக் கணக்கு. 1954இல் இந்தியர் கட்சியான மஇகா அந்தக் கூட்டணியில் சேர்ந்தது. 1955இல் வாக்காளர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் மலாய்க்காரர்கள். இருந்தும் அம்னோ 52 தொகுதிகளில் 17ஐத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்தது. கூட்டணி 51இல் வென்றது. இலங்கையிலோ பெரிய சிங்களக் கட்சிகள் இரண்டும் ஒரே சிங்கள ஓட்டுக்கு மோதின. 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 'சிங்களம் மட்டும்' சட்டம் வந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் கூட்டணிக்கு மாலை போட வேண்டாம். 1969 இனக்கலவரமும் அதன் ஆட்சியில்தான் நடந்தது. அப்புறம், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் மலையகத் தமிழருக்குக் குடியுரிமை மறுக்கப்பட்டது 1948இலேயே. பின்னால் வந்த கட்சிப் போட்டியை வைத்து அதை விளக்க முடியுமா? எனக்குச் சந்தேகம்தான். பட்டிமன்றத்தில் மோத வேண்டிய இடம் இதுதான்.

இலங்கை வேண்டாமென்றால் மொரிஷியஸ் இருக்கிறது. தேர்தலில் தோற்றவர்களிலிருந்து எட்டுப் பேர் வரை சமூக வாரியாக நாடாளுமன்றத்துக்கு எடுக்கும் முறை அங்கே உண்டு.

அடுத்த ஆண்டுத் தலைப்பில் 'எது சிறந்தது' போய் 'ஏன் வேறானது' வரட்டும். இரு அணிகளுக்கும் ஒரு மாதம் முன்பே தலைப்பைக் கொடுங்கள். 1952 தேர்தலைப் பற்றி அன்றைய தமிழ் நேசன் நாளிதழ் என்ன எழுதியது என்று தேடிப் படித்துவிட்டு மேடை ஏறட்டும். நடுவர் கிடைக்கவில்லை என்றால் நான் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம்தான் இருக்கிறேன், பொன்னாடை வேண்டாம்.

அன்புடன்,
ஓர் ஆய்வு மாணவன்