பெட்டி கொடுத்தாயிற்று, தேனீயைக் கேட்டீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை உங்கள் பத்திரிகையில் ஒரு படம் பார்த்தேன். மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பயனாளிகளுக்குத் தேனீப் பெட்டி கொடுக்கிறார்கள், பெட்டிக்கெல்லாம் புதுப் பெயின்ற், ஒன்றுக்கு ரிபன் கூடக் கட்டியிருந்தது. எனக்கு உடனே எங்கள் வீட்டுக் கோழிதான் ஞாபகம் வந்தது. சில வருடங்களுக்கு முன் இப்படியே ஒரு திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த பெட்டியில்தான் அது இப்போது அடைகிடக்கிறது.

அந்தப் பெட்டி மலைநாட்டிலிருந்து தேனீயோடு வந்தது. வந்தது ஐப்பசியில். கார்த்திகை, மார்கழி முழுக்க அடைமழை, வெளியே போய்ப் பூ தேட வழியில்லை, சீனிப்பாணி வைக்க வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவுமில்லை. மழை கொஞ்சம் விட்டதும் பக்கத்து வயலுக்கு மருந்தடித்தார்கள். தைப்பொங்கலுக்குப் பார்த்தால் பெட்டிக்குள் வெறும் தேன்வதையும் அந்துப்பூச்சியும். சரி, நமக்கு ராசி இல்லை என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் நான் வேலைக்காக ஜப்பானுக்குப் போனேன். ஷிகொக்கு தீவில் எஹிமே மாகாணம், தோடம்பழத் தோட்டம், மூன்று வருடம். மலைச்சரிவில் இருபது வீடு உள்ள ஊர், இரவில் விளக்கு எரிவது ஒன்பது வீட்டில்தான். பிள்ளைகள் எல்லாம் நகரத்துக்குப் போய்விட்டார்கள், மிச்சமிருப்பவர்களில் எழுபதுக்குக் குறைந்தவர் ஒருவர்தான். நான் போன அடுத்த வருடம் இந்த ஒன்பது வீடும் சேர்ந்து ஊருக்குப் பொதுவாகத் தேனீ வளர்க்கத் தொடங்கினார்கள். யாரும் தேனீ விலைக்கு வாங்கவில்லை. முதலில் மாகாண அரசுக்கு ஒரு படிவம் அனுப்பினார்கள். அங்கே 1955 இலிருந்தே தேனீ வளர்ப்புக்குச் சட்டம் இருக்கிறது, 2013 இலிருந்து பொழுதுபோக்குக்கு வளர்ப்பவரும் வருடாவருடம் அறிவிக்க வேண்டும். அதன் பிறகு செய்த வேலை, வெறும் பெட்டியை வைத்துவிட்டுக் காத்திருந்ததுதான்.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடியும் மூடியும் இல்லாத சதுரச் சட்டங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக நாலைந்து அடுக்கி, உச்சியில் ஒரு பலகை. உள்ளே வதை கட்டுவதற்கென்று தனிச் சட்டகம் எதுவும் கிடையாது. பக்கத்து வீட்டு ஆச்சிக்கு எண்பத்தொரு வயது, பழைய மெழுகை உருக்கி உச்சிப் பலகையின் உட்புறத்தில் தூரிகையால் பூசிவிட்டு, மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்துத் தலையாட்டுவார். சித்திரை, வைகாசியில் கூட்டம் பிரிந்து வரும் தேனீக்கு அந்த வாசம்தான் அழைப்பு. அவர்களிடம் ஓர் ஓர்க்கிட் செடியும் உண்டு, அது பூத்தால் அலைகிற கூட்டம் அதன்மேலேயே வந்து மொய்க்கும். முதல் வருடம் ஏழு பெட்டி வைத்தோம், இரண்டில் வந்து குடியேறியது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

தேனீ உச்சியிலிருந்து கீழ்நோக்கி வதை கட்டும். தேன் மேலே, குஞ்சு கீழே. இலையுதிர் காலத்தில் மேல் சட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் மெல்லிய கம்பியை விட்டு இருவர் இழுப்பார்கள், தொதல் வெட்டுகிற மாதிரி மெதுவாக. மேல் பெட்டி மட்டும் கழன்று வரும், கீழே இருக்கும் குடும்பத்துக்கு ஒன்றும் ஆகாது. வதையைத் துணியில் போட்டுத் தொங்கவிட்டால் தேன் தானாக வடியும், பிழிவது கிடையாது. வருடத்துக்கு ஒரு தரம்தான், ஒரு கூட்டுக்குச் சில கிலோதான். ஒன்பது வீட்டுக்கும் சம பங்கு. அன்றைக்கு எனக்கும் ஒரு ஜாம் போத்தல் நிறையக் கிடைத்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், அந்தத் தேனீயும் நம்முடைய பொந்துத் தேனீயும் ஒரே இனம். ஐரோப்பியத் தேனீ ஜப்பானுக்கு 1877 இல்தான் போனது. அது தேனை அள்ளித் தரும், ஆனால் தேனீயின் உடம்பில் ஒட்டி வாழும் உண்ணி வந்தால் மனிதன்தான் மருந்து வைத்துக் காப்பாற்ற வேண்டும். நாட்டுத் தேனீ அந்த உண்ணியோடு காலங்காலமாக வாழப் பழகியது. பெருங்குளவி வந்தால் நூற்றுக்கணக்கில் சுற்றி உருண்டை பிடித்து, 46 பாகை வரை சூடேற்றிக் கொன்றுவிடும். நான் கண்ணால் கண்டேன், கைப்பந்து அளவு இல்லை, ஒரு தேசிக்காயை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஆனால் இந்த இனத்துக்கு ரோஷம் அதிகம். பசி, மருந்து வாடை, அடிக்கடி திறந்து பார்ப்பது, எது பிடிக்காவிட்டாலும் கூட்டத்தோடு கிளம்பிவிடும். எங்கள் பெட்டிக்கு நடந்தது இதுதான், ராசியில்லாமல் போனதல்ல.

ஆகவே திட்டம் போடுகிறவர்களிடம் என் வேண்டுகோள், இந்த வருடம் பெட்டி கொடுக்காதீர்கள். அந்தக் காசில் வாகரைப் பக்கம் தேன் எடுக்கும் வேடர் சமூகத்தாரைக் கூலி கொடுத்துக் கூட்டி வந்து, எந்த மரப் பொந்தில் தேனீ இருக்கிறது, எந்த மாதம் எது பூக்கிறது என்று எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லுங்கள். நெற்போகம் தொடங்குமுன் விவசாயிகள் கூடும் போக ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதி பேசுகிறோம்தானே, அதோடு மருந்தடிக்கும் நேரத்தையும் பேசி முடிவெடுக்கலாம். நெற்பூ விரிவது காலையில், தேனீ மகரந்தத்துக்கு வருவதும் அப்போதுதான். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அடித்தால் பாதி உயிர் தப்பும். காசு செலவில்லாத வேலை இது.

யானை தேனீக்குப் பயப்படும், வயலைச் சுற்றிப் பெட்டி தொங்கவிட்டு யானைக்குத் தேனீ வேலி போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வஸ்கமுவப் பக்கம் அதைப் பரீட்சித்தும் பார்த்தார்கள். நம் தேனீ ஆபிரிக்கத் தேனீ மாதிரி மூர்க்கமானதல்ல, அதை நம்பி வேளாண்மையை விட்டுவிட்டுத் தூங்க நான் தயாரில்லை.

மீன் பாடும் தேன் நாடு என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். பஸ் ஸ்ராண்டில் சாராயப் போத்தலில் தேன் என்று விற்பதை வாங்கி வந்து நக்கிப் பார்த்தால் சீனிப்பாணி.

நாங்கள் ஐந்து வீட்டுக்காரர் சேர்ந்து பழைய பலகையில் அடுக்குப் பெட்டி மூன்று அடித்து, மெழுகு பூசி, எறும்பு ஏறாமல் பெட்டிக் காலுக்குக் கீழே சிரட்டையில் தண்ணீர் வைத்துப் புளியமரத்தடியில் வைத்திருக்கிறோம். ஒரு பெட்டியின் சிரட்டை காய்ந்ததைக் கவனிக்கவில்லை, அந்தப் பெட்டியில் இப்போது எறும்பு குடியிருக்கிறது. மற்ற இரண்டும் காலி. பழைய தேன் மெழுகு யாரிடமாவது இருந்தால் கொஞ்சம் தந்துதவுங்கள், எங்களிடம் இருந்தது முடிந்துவிட்டது.

இப்படிக்கு,
தோடம்பழத் தோட்டத்தில் வேலை செய்து திரும்பிய ஒரு வாசகர்,
வெல்லாவெளி.